யாருக்கு எரியும்

கணபதி, கோவை
16-6-2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

உங்கள் தம்பி மனைவி புவனா எழுதுவது. ஒரு மாதமாக நான் போன் செய்யவில்லை என்று மதனிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். நியாயம்தான். உங்கள் புதுமனை புகுவிழாவில் பந்தி போடுவதற்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவள் நான். சொந்தபந்தம் முன்னால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. ஹரிதாவின் முதுகில் விழுந்த உங்கள் கை மட்டும்தான் அன்றைக்கு என் கண்ணில் இருந்தது.

போன் செய்யாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. காதில் விழுகிற வார்த்தை ஏதாவது அவள் வாயில் ஒட்டிக்கொண்டால் நாள் முழுக்க அதுவே வருகிறது. போன வாரம் என் அம்மாவிடம் போனில் "என்ன பாவம் பண்ணுனேனோ" என்றேன். மறுநாள் ஸ்கூல் வேன் வரும்வரை "என்ன பாவம், என்ன பாவம்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். என்னைக் கேலி செய்யவில்லை. நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. அதனால்தான் கடிதம். அவள் ஸ்கூலுக்குப் போன நேரத்தில் எழுதி நானே தபாலில் போட்டுவிடுகிறேன். நீங்களும் பதில் எழுதினால் போதும்.

ஷாநவாஸ் என்று ஒரு டாக்டர், குழந்தைகளுக்கான மனநல மருத்துவர், அவரிடம் காட்டினோம். கண் சிமிட்டுவது, தோளை வெட்டுவது, தொண்டையில் அந்தச் சத்தம், எல்லாவற்றுக்கும் 'டிக்' என்றுதான் பெயராம். தும்மல் மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், அப்புறம் சேர்த்து வைத்து வரும். ஸ்கூலில் அடக்கி வைத்துக்கொண்டு வந்து வீட்டில் கொட்டுகிறாள். நான் இத்தனை நாள் "எங்கிட்ட மட்டும் வேணும்னே செய்யறா" என்று நினைத்திருந்தேன்.

சத்தம் சின்ன விஷயம் நங்கையா. அதோடு சேர்ந்து வந்திருப்பதுதான் எங்களை உலுக்குகிறது. "பல்லை வெளக்கிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, பையை எடு" என்றால் முதல் வேலையிலேயே நின்றுவிடுகிறாள், மற்ற இரண்டும் மறந்துபோகிறது. பதினேழு பெருக்கல் ஆறு என்று கேட்டால் வாயில் விடை வருகிறது. நோட்டில் எழுதச் சொன்னால் '2'-இன் வால் சரியாக வரவில்லை என்று அழித்து அழித்துத் தாளே ஓட்டையாகிறது. தடுத்தால் கத்துகிறாள், கடிக்கிறாள். பத்து நிமிடம் கழித்து வந்து "நான் கெட்ட புள்ளையாம்மா" என்கிறாள்.

இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அப்பா வழியில் யாருக்காவது சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்டார். என் பக்கம் விசாரித்துவிட்டேன், யாருக்கும் இல்லை. உங்கள் தம்பியைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று ஃபவுண்டரிக்குக் கிளம்பிவிடுகிறார். அவரை வளர்த்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறை சொல்லக் கேட்கவில்லை. மருந்து முடிவுசெய்ய உதவும் என்கிறார் டாக்டர்.

அன்புடன்,
புவனா


உடுமலைப்பேட்டை
24-6-2025

அம்மணிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரன் நீட்டியபோது பேங்க் நோட்டீஸ் என்று நினைத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு வரி படித்துவிட்டு "இது உனக்கு வந்த நோட்டீஸ்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஐயர் ஹோம குண்டத்தின் முன்னால் உட்கார்ந்து மந்திரம் சொல்கிறார், இவள் அவர் காதுக்குப் பக்கத்தில் நின்று நாய்க்குட்டி மாதிரி சத்தம் போடுகிறாள். மூன்று தடவை ஜாடை காட்டினேன். அவர் மந்திரத்தை நிறுத்திப்போட்டு இவளைத் திரும்பிப் பார்த்தார். என் சம்பந்தி வீட்டார் முந்தானைக்குள் சிரிக்கிறார்கள். ஒரு தட்டுத் தட்டினேன். உடனே சத்தம் நின்றதா இல்லையா? அதை நீ பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். அதற்குள் செருப்பைப் போட்டுவிட்டாய்.

எங்கள் வமிசத்தில் இதெல்லாம் யாருக்கும் கிடையாது. அப்படியே டாக்டரிடம் சொல்லு. மதன் சின்னதில் தங்கமாக வளர்ந்தான்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், படித்தவள் என்று சிரிக்காதே. பிள்ளை இரண்டாம் வகுப்பு வரை நன்றாகத்தானே இருந்தாள். நீங்கள் சரவணம்பட்டியில் அந்த இடத்தை வாங்கிய பிறகுதான் எல்லாம். யாருக்கோ வயிறு எரிந்திருக்கிறது. அதைக் கேட்கிற இடத்தில் கேட்டால் பதில் கிடைக்கும். ஒரு வாரம் பிள்ளையை இங்கே விட்டுப்பாரு. தோப்பில் ஓடட்டும். மொபைலை மட்டும் கொடுத்தனுப்பாதே.

நீ சாப்பிடாமல் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சாந்தாமணி


கணபதி
9-7-2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

நீங்கள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்போது எழுதுவதை உங்கள் தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. போன வியாழன் நான் அவளை அடித்துவிட்டேன். கணக்கு டெஸ்ட்டுக்கு முந்தின சாயங்காலம். 'ஹரிதா' என்று பெயர் எழுதவே இருபது நிமிடம். 'ரி'யின் சுழி பிடிக்கவில்லை. அழித்தாள். நான் ரப்பரைப் பிடுங்கினேன். எச்சிலைத் தொட்டு அழித்தாள். என் கை எப்படிப் போனது என்றே தெரியவில்லை. கன்னத்தில் நான்கு விரலும் பதிந்தது. உங்களை ஒரு தட்டுக்காகப் பகைத்துக்கொண்டு வந்தவள் நான்.

மறுநாள் டெஸ்ட்டில் பக்கத்துப் பெண் சிரித்தாள் என்று இவள் பெஞ்சைத் தள்ளியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு முழங்காலில் அடி. கிளாஸ் டீச்சர் அன்புச்செல்வி நல்லவர்தான், "நான் பாத்துக்கறேனுங்க, நாப்பத்திரண்டு பேர்ல என்னால இவளை மட்டும் பாக்க முடியலைங்க" என்று அவரே கண் கலங்கினார். மேலே இருப்பவர்கள் ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். டாக்டர் எழுதித் தந்த புது மாத்திரை உடம்புக்குச் சேருகிற வரைக்குமாம். பதினான்காம் தேதியிலிருந்து.

ஹரிதாவே கேட்டாள், "அத்தை ஊட்டுக்குப் போலாமா?" என்று. நீங்கள் அடித்ததை அவள் நினைவில் வைத்திருக்கவில்லை. கன்றுக்குட்டி பிறந்திருக்குமா என்றுதான் கேட்கிறாள். எனக்கும் ஒரு வாரம் தூங்கினால் தேவலை போலிருக்கிறது. அம்மா இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

மதன் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுவார். சத்தம் போடாதே என்று மட்டும் சொல்ல வேண்டாம் நங்கையா. சொன்னால் அதிகமாகும். ஒரு வேலை சொன்னால் அது முடிந்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை. இன்னொன்று, அவள் மனதில் ஒரு நினைப்பு விழுந்துவிட்டால் எளிதில் வெளியே வராது. சேற்றில் சிக்கிய சக்கரம் மாதிரி அங்கேயே சுற்றும். அதனால் அவள் எதிரில் பேசும்போது கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.

உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்.

புவனா


உடுமலைப்பேட்டை
21-7-2025

அம்மணிக்கு,

நேற்று மதனோடு காரில் வந்து இறங்கியபோது பிள்ளையின் முகத்தைப் பார்த்தாயா? ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள். காலையில் ராகிக் களி, மத்தியானம் சோறு, பொழுதோட கன்றுக்குட்டிக்குப் பாதி, இவளுக்குப் பாதி என்று மாம்பழம். நீ எழுதினபடியே ஒவ்வொரு வேலையாகச் சொன்னேன். "கண்ணு, அந்த வாளியை எடு." எடுத்தாள். "இப்போ தண்ணி மோந்து ஊத்து." ஊற்றினாள். வேலைக்கு வருகிற வெங்கடம்மாள் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மணி, எங்கிட்டயும் இப்பிடி ஒண்ணொண்ணாச் சொன்னா என்னங்" என்றாள்.

சத்தம் போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாத்திரை ஒருநாளும் விடவில்லை.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்காமல் செய்தேன். ஆடி முதல் வெள்ளிக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே அநியாயத்துக்கு ஆளானவர்கள், செய்தவருக்கு எரியட்டும் என்று வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுவது உனக்கும் தெரியும். செய்தவர் யாரென்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை, அம்மனுக்குத் தெரியும். வரிசையில் நின்று அரைத்தேன். ஹரிதாவும் குழவியைப் பிடித்தாள். "இந்தப் புள்ளைக்கு இது ஆரால வந்துச்சோ அவங்களுக்கு எரியோணும் தாயே" என்று வாய்விட்டுச் சொன்னேன், அவளையும் சொல்ல வைத்தேன். கணீரென்று சொன்னாள். அரைத்து முடிக்கிற வரை கண் சிமிட்டவில்லை, தோள் ஆடவில்லை. கூட்டத்தில் ஒருத்தி "புள்ளைக்கு என்ன பக்தி" என்றாள்.

வந்ததிலிருந்து எனக்கு மனசு லேசாக இருக்கிறது. கை எரிச்சல்தான் இன்னும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன்.

சாந்தாமணி


கணபதி
4-8-2025

நங்கையாவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட வேண்டும்.

ஜூலை 26 அன்று டாக்டரைப் பார்க்க முதல் தடவையாக உங்கள் தம்பியும் வந்தார். டாக்டர் பழைய கேள்வியையே அவரிடம் கேட்டார். இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இருந்துச்சுங்க டாக்டர். ஏழு வயசுல ஆரம்பிச்சுது. கண்ணு, மூக்கு, அப்பறம் கழுத்து. ஸ்கூல்ல கண்ணடிச்சான்னுதான் கூப்புடுவாங்க" என்றார்.

பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"அப்ப உங்க வழியில வந்திருக்கலாம். அது உங்க தப்பு இல்லைங்க" என்றார் டாக்டர். ஹரிதா மூலையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

ஆரால வந்துச்சோ அவங்களுக்கு எரியோணும். அப்பாவால் வந்தது. இரண்டையும் சேர்ப்பதற்கு அவளுக்கு நேரமாகவில்லை. நோட்டில் பெயர் எழுத இருபது நிமிடம் எடுக்கிற பிள்ளை, இதை ஆஸ்பத்திரி லிஃப்டில் இறங்குவதற்குள் கூட்டிவிட்டாள். பார்க்கிங்கில் அவர் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "எரியுதாப்பா?"

அவர் வேலை செய்கிற இடம் உங்களுக்குத் தெரியும். உருக்கிய இரும்பைப் பெரிய வாளியில் கொண்டுபோய் அச்சில் ஊற்றுகிற இடத்தில் நிற்கிறார். அவளுக்கும் தெரியும். போன வருடம் தொழிற்சாலை விழாவுக்குக் கூட்டிப்போனபோது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

ஒன்பது நாளாக இதுதான் நடக்கிறது. காலையில் அவர் ஷூவை ஒளித்துவைக்கிறாள். ஒருநாள் அரிசி டிரம்மில் இருந்தது. கதவில் சாய்ந்து நின்றுகொள்கிறாள். விலக்கினால் அலறுகிறாள், மாடிவீட்டு ஆட்கள் இறங்கி வருகிறார்கள். ஸ்கூல் ஆபீஸ் போனிலிருந்து "அப்பா இருக்காராம்மா" என்று கூப்பிடுகிறாள். "இருக்காரு கண்ணு, ஒண்ணும் ஆகாது" என்கிறேன். ஐந்து நிமிடம் அடங்குகிறாள், மறுபடி கூப்பிடுகிறாள். வீட்டில் ஒரு நாள் எண்ணினேன், நாற்பத்தொரு தடவை. சிவப்பாக எதையும் சாப்பிடுவதில்லை. தக்காளியைத் தொட்டதற்குக் கையை சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி விரலிடுக்கு வெடித்துவிட்டது. "கண்ணு, அந்த மொளகா ஒண்ணும் பண்ணாது" என்று அவர் அவளை மடியில் வைத்துச் சொன்னார். "நான்தானேப்பா அரைச்சேன்" என்றாள்.

பார்த்துப் பேசுங்கள் என்று எழுதியிருந்தேன். அதுகூடப் போகட்டும். எங்கள் வமிசத்தில் யாருக்கும் கிடையாது என்று எழுதினீர்களே. தெரிந்தே எழுதினீர்களா? அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

புவனா


உடுமலைப்பேட்டை
11-8-2025

அம்மணிக்கு,

தெரிந்தேதான் எழுதினேன்.

உன் கடிதத்தைத் தோப்பில் நின்று படித்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தார்.

மதனுக்கு அப்போது எட்டு வயது, எனக்குப் பதிமூன்று. கண்ணை வெட்டி வெட்டிப் பார்ப்பான். மூக்கை உறிஞ்சுவான். எங்கள் அப்பா ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "அவன் பக்கத்துலயே உக்காரு. கண்ணடிச்சான்னா ஒண்ணு வெய்யி. நீ உட்டீன்னா உனக்கு விழும்" என்றார். நான்கு வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிக்கும்போது, சாப்பிடும்போது, விருந்தாளி வரும்போது. ஆரம்பத்தில் எனக்கு அடி விழுமே என்று அடித்தேன். போகப்போக அவன் நன்மைக்கு என்று அடித்தேன். ஒருநாளாவது அவன் திருப்பி அடித்ததில்லை. "அக்கா, இந்தக் கையில வேண்டாம், இது எழுதற கை" என்று மறு கையை நீட்டுவான்.

பன்னிரண்டு வயதில் நின்றது. நான்தான் நிறுத்தினேன் என்று இத்தனை வருடமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஹரிதாவை அடித்ததும் அந்த நினைப்பில்தான். இந்தக் கையால் ஒருத்தனைச் சரிசெய்தேன், இவளையும் சரிசெய்வேன் என்று.

உன்னைப் பெண் பார்க்க வந்தபோது உன் சித்தப்பா "மாப்பிள்ளைக்கு ஏதும் கொறை இருக்குதுங்களா" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நான்தான் முந்திக்கொண்டு "எந்தக் கொறையும் இல்லைங்க" என்றேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் எழுதினேன். மாற்றிச் சொன்னால் நீ அவனை என்ன நினைப்பாயோ என்று பயம்.

இப்போது உண்மையைச் சொல்லட்டுமா? உன் பிள்ளைக்கு இருக்கிற பயம் எனக்கும் வந்துவிட்டது. கூடப் பிறந்தவன் மேல் என் கையாலேயே மிளகாய் அரைத்திருக்கிறேன். அங்கே அரைத்தது வீண்போகாது என்று ஊருக்கே சொன்னவள் நான். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லை.

கோபம் தணிய அம்மனுக்கு எண்ணெய்க் காப்புச் செய்வார்கள். வரும் வெள்ளிக்கிழமை நான் கோவைக்கு வாரேன். பிள்ளையை அழைத்துப்போய் அவள் கையாலேயே எண்ணெய் கொடுக்கவைத்து, "எரிய வேண்டாம் தாயே" என்று சொல்லவைத்துக் கூட்டிவருகிறேன். அவளுக்குத் தைரியம் வரும். எனக்கும் வரும். வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

சாந்தாமணி


கணபதி
14-8-2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நாளைக்கு நீங்கள் பஸ் ஏறுவதற்குள் கிடைக்காது என்று தெரிந்து, மதன் போனில் "வர வேண்டாம், விவரம் கடுதாசில" என்று மட்டும் சொன்னார். விவரம் இதுதான்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "அக்கா இதையெல்லாம் இன்னும் மனசுல வெச்சிருக்குதா" என்றார். பிறகு, "நின்னுபோச்சுன்னு யாரு சொன்னது?" என்றார். வேலைக்குப் போட்டுப்போகிற இடது ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொன்னார். கட்டைவிரல் படுகிற இடத்தில் உள்தோல் தேய்ந்து குழியாக இருந்தது. நின்றது கண்ணில்தானாம். அடி வாங்காத இடம் எது என்று தேடித் தேடி, கடைசியில் கால் கட்டைவிரலுக்குக் கொண்டுபோனாராம். யாரும் பார்க்க மாட்டார்கள் அல்லவா. முப்பது வருடமாக அங்கே மடக்கி விரிக்கிறார். கல்யாண மேடையிலும் அப்படித்தானாம். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எண்ணெய்க் காப்புப் பற்றி டாக்டரைக் கேட்டேன். அவர் கும்பிடுவதைக் குறை சொல்லவில்லை. "நீங்க கும்புடுங்க, உங்க விருப்பம். ஆனா குழந்தையோட பயத்தைப் போக்கறதுக்குன்னு அவளைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார். அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் ஒண்ணும் ஆகாது என்று நாம் சொல்வதுதான் அந்தப் பயத்துக்குச் சோறாம். எண்ணெய் கொடுத்தால் ஒருநாள் நிம்மதியாக இருப்பாள். மறுநாள் எண்ணெய் போதுமா, சரியாகச் சொன்னேனா, இன்னொரு தடவை போகலாமா என்று கேட்பாள். 'ரி'யின் சுழியை அழிப்பதுபோலத்தான் இதுவும் என்கிறார்.

அப்படியானால் அவள் கேட்டால் நான் என்ன சொல்வது என்றேன். "தெரியலைன்னு சொல்லுங்க" என்றார்.

டாக்டருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நங்கையா, நீங்கள் கூப்பிடுகிற கோயிலுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் எனக்கும் இருக்கிறது. ஒரே ஒரு நாள் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டால் போதும் என்றிருக்கிறது. ஆனால் வர வேண்டாம். அவள் போன் செய்தால் நீங்களும் ஒண்ணும் ஆகாது என்று சொல்லிவிட வேண்டாம். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

புவனா


உடுமலைப்பேட்டை
29-8-2025

அம்மணிக்கு,

நீ சொன்னபடி வரவில்லை. பிள்ளையையும் கூப்பிடவில்லை. ஆனால் நேற்று நான் மட்டும் ஆனைமலைக்குப் போய் எண்ணெய்க் காப்புக் கொடுத்துவிட்டு வந்தேன். ஹரிதாவிடம் சொல்லாதே. அது எனக்கும் என் சாமிக்கும் உள்ளது. உன் டாக்டருக்கு அதில் வேலையில்லை.

முந்தாநாள் அவள் மதன் போனிலிருந்து கூப்பிட்டாள். "அத்தை, அப்பாவுக்கு எரியாதுல்ல?" என்றாள். அந்தச் சத்தம் நடுவில் நடுவில் வருகிறது, மூச்சு வாங்குகிறது. எரியாது கண்ணு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "அத்தைக்குத் தெரியலை கண்ணு" என்றேன். போனைப் பிடித்துக்கொண்டு இருவரும் அப்படியே இருந்தோம். பிறகு, "கன்னுக்குட்டிக்குக் கொம்பு வந்துருச்சா" என்றாள். இன்னும் இல்லை என்றேன். வைத்துவிட்டாள்.

இது என்ன வைத்தியம் புவனா? பயந்த பிள்ளையிடம் பயப்படாதே என்று சொல்லக்கூடாது என்கிறது. அடிக்காமல் இருப்பதைக் கற்றுக்கொண்டேன், அதுகூட எளிதாக இருந்தது.

மதனின் கால்விரலைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தத் தாளை மட்டும் தனியாகப் பீரோவில் வைத்திருக்கிறேன். அவனிடம் பேச வேண்டும். போனில் முடியாது. அவன் முகத்தைப் பார்த்தும் முடியாது. எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாந்தாமணி


கணபதி
10-9-2025

அன்புள்ள நங்கையாவுக்கு,

ஹரிதாவிடம் சொல்லவில்லை.

காலாண்டுத் தேர்வு தொடங்குகிறது. டாக்டர் கொடுத்த கடிதத்தோடு அன்புச்செல்வி டீச்சரே மேலே போய்ப் பேசியிருக்கிறார். அரை மணி நேரம் கூடுதல், தனி அறை, கணக்கில் பாதி வாயால் சொன்னால் போதும். தமிழுக்கு மட்டும் எழுதித்தான் ஆக வேண்டுமாம். போகட்டும். ரப்பர் இல்லாமல் பேனாவால் எழுதப் பழகுகிறாள். பிழை வந்தால் ஒரு கோடு போட்டு மேலே போக வேண்டும். கோடு போடும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறாள். நேற்று இரண்டு பக்கத்தில் பதினொரு கோடு.

இன்று காலையில் நடந்ததைச் சொல்கிறேன். மதனுக்கு ஏழு மணி ஷிஃப்ட். ஷூ அதன் இடத்தில்தான் இருந்தது. அவர் வண்டியை வெளியே தள்ளினார். இவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுங்களாம்மா?"

"தெரியலை கண்ணு" என்றேன்.

"ஆகுமா?"

"அதுவும் தெரியலை."

அழுதாள். தோள் ஒருபக்கம் வெட்டியது, தொண்டைச் சத்தம் நிற்கவே இல்லை. பால்காரர் வந்து, எங்களைப் பார்த்து, பாலை மதில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அவளைத் தொடவும் இல்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். போங்கள் என்று தலையை ஆட்டினேன். போய்விட்டார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அவளே உள்ளே வந்து, "சாக்ஸ் ஒண்ணுதாம்மா இருக்குது" என்றாள். தேடிக் கொடுத்தேன். வேன் வந்தது. ஏறினாள். ஸ்கூலிலிருந்து இதுவரை போன் இல்லை.

இது நல்ல செய்திதான் என்று டாக்டர் சொல்வார். நாளைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

மதனிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவர் வீட்டில் இருப்பார். பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாலும் சரி. இந்தத் தடவை நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் வேன் ஏறியதிலிருந்து நானும் மூன்று தடவை போனை எடுத்து மதன் நம்பரைத் தேடி, கூப்பிடாமல் வைத்திருக்கிறேன். இரவில் அவர் தூங்கும்போது உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள், மிளகாய் ஏன் எரிகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு எண்ணெய் எவ்வளவு கொடுத்தீர்கள், என்ன சொல்லிக் கொடுத்தீர்கள், அவர் பெயரைச் சொன்னீர்களா என்று உங்களைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கேட்டால் சொல்வீர்கள். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருப்பேன். அப்புறம் மறுபடி கேட்பேன்.

அதனால் நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் வர ஆறு மணி ஆகும். இப்போது மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கிறது.

புவனா